ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? பிரிடின் வளையம் எனக்குக் கற்றுத்தந்த பாடம்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு எண்களைச் சொல்லித்தருபவர்களும் இருக்கிறீர்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். "பல்லின வளையச் சேர்மங்களில் பதிலித் தொகுதிகளின் விளைவு" என்று என் தலைப்பை நிகழ்ச்சி நிரலில் பார்த்ததும், தொடக்கநிலை ஆசிரியர்கள் சிலர் கடிகாரத்தைப் பார்த்ததை நான் கவனித்தேன். தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள். நான் இன்று சொல்லப்போகும் வேதியியலுக்குத் திறவுகோல் உங்கள் வகுப்பறையில்தான் இருக்கிறது. ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று நீங்கள் கற்றுத்தருகிறீர்களே, அதுதான் அந்தத் திறவுகோல்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு வகுப்புத் தேர்வு வைத்தேன். பாடநூலைத் தாண்டிச் சிந்திக்கட்டும் என்று ஒரு கேள்வியை நானே சேர்த்தேன். "பிரிடின், 3-மெத்தாக்சி பிரிடின் ஆகிய இரண்டில் எது வலிமை மிக்க காரம்? காரணம் கூறுக." எல்லாரும் ஒரே விடையை எழுதியிருந்தார்கள்: மெத்தாக்சி ஓர் எலக்ட்ரான் வழங்கும் தொகுதி, அது வளையத்துக்கு எலக்ட்ரான் அடர்த்தியைக் கூட்டும், ஆகவே 3-மெத்தாக்சி பிரிடின்தான் வலிமை மிக்க காரம். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட அட்டவணையில் மெத்தாக்சி "வழங்கும் தொகுதிகள்" என்ற பத்தியில்தான் இருந்தது. அனைவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

ஒரு மாணவி மட்டும் பிரிடின்தான் வலிமை மிக்கது என்று எழுதியிருந்தாள். வளையத்தை மூன்று முறை வரைந்து, அம்புக்குறிகள் போட்டு, பக்கத்தை நிறைத்திருந்தாள். நான் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டேன். விடைத்தாளை வாங்கியதும் அவள் மேசைக்கு வந்தாள். "சார், மூணாவது இடத்துல நின்னா, அந்த எலக்ட்ரான் நைட்ரஜனுக்குப் போய்ச் சேரவே மாட்டேங்குதே. நாலாவது இடம்னா சேருது. வரைஞ்சு பாத்தேன் சார்" என்றாள். அட்டவணையைப் படித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அந்த வாரமே நான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போய், பிரிடின் வழிப்பொருள்களின் காரத்தன்மை மதிப்புகளைத் தேடினேன். பிரிடினுக்கு 5.2. 3-மெத்தாக்சி பிரிடினுக்கு 4.9. அவள் எழுதியது சரி. வகுப்பு முழுவதற்கும் நான் போட்ட முழு மதிப்பெண்கள் தவறு.

அங்கே இருந்து தொடங்குவோம்.

பிரிடின் என்றால் என்ன? பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன்கள் இருக்கின்றன. அதில் ஒரு கார்பனையும் அதனோடு ஒட்டிய ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நைட்ரஜனை வைத்தால் பிரிடின். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் ஆண்டர்சன் எலும்பு எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வளையத்தில் கார்பனுடன் வேறொரு தனிமத்தின் அணுவும் இருப்பதால் இது பல்லின வளையச் சேர்மம். பதினொன்றாம் வகுப்பில் கரிமச் சேர்மங்களை வகைப்படுத்தும் இடத்தில் இதன் பெயர் வருகிறது. பிறகு நாம் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நைட்ரஜனிடம் ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டை இருக்கிறது. பிரிடினில் அது வளையத்தின் தளத்திலேயே, வெளிப்பக்கம் பார்த்தபடி நிற்கிறது. அரோமேட்டிக் தன்மைக்குத் தேவையான ஆறு பை எலக்ட்ரான்களில் அது சேராது. அதனால்தான் அமிலம் ஒரு புரோட்டானை நீட்டினால் பிரிடின் அதை வாங்கிக்கொள்கிறது. ஐந்து உறுப்பு வளையமான பைரோலில் கதை வேறு. அங்கே நைட்ரஜனின் தனித்த இரட்டை அந்த ஆறு எலக்ட்ரான் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே பைரோல் காரமாக நடந்துகொள்வதில்லை என்றே சொல்லலாம்.

காரத்தன்மையை அளக்க வேதியியலர் பயன்படுத்தும் எண்ணைப் பி.கே.ஏ மதிப்பு என்கிறோம். நான் சொல்லும் மதிப்புகள் எல்லாம் புரோட்டானை ஏற்றுக்கொண்ட வடிவத்துக்கு உரியவை. எண் கூடினால் காரத்தன்மை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலகு வேறுபாடு என்றால் பத்து மடங்கு. இரண்டு அலகு என்றால் நூறு மடங்கு.

இப்போது பிரிடினின் 4-ஆம் இடத்தில் வெவ்வேறு தொகுதிகளை உட்காரவைத்துப் பார்ப்போம். எதுவும் இல்லாத பிரிடின் 5.2. மெத்தில் வைத்தால் 6.0. மெத்தாக்சி வைத்தால் 6.6. அமினோ வைத்தால் 9.1. எலக்ட்ரானை இழுக்கும் சயனோ தொகுதியை வைத்தால் 1.9. வளையம் ஒன்றுதான், இடமும் ஒன்றுதான். ஆனால் சயனோவுக்கும் அமினோவுக்கும் இடையில் காரத்தன்மை ஒரு கோடி மடங்குக்கும் மேல் மாறிவிடுகிறது. ஒரு சிறிய பதிலித் தொகுதி இவ்வளவு செய்யும்.

இதுவரை என் அட்டவணைக்குப் பழுதில்லை. வழங்குபவை கூட்டுகின்றன, இழுப்பவை குறைக்கின்றன. இனி, தொகுதியை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுவோம். மெத்தாக்சி தொகுதி 4-ஆம் இடத்தில் இருந்தால் 6.6. 3-ஆம் இடத்தில் 4.9. 2-ஆம் இடத்தில் 3.3. அதாவது ஒரே தொகுதி, ஓரிடத்தில் காரத்தன்மையைக் கூட்டுகிறது. மற்ற இரண்டு இடங்களில் பிரிடினைவிடக் குறைக்கிறது. "மெத்தாக்சி வழங்கும் தொகுதி" என்று மனப்பாடம் செய்த பிள்ளை இந்த மூன்று எண்களை எப்படி விளக்கும்?

இங்கேதான் தொடக்கநிலை ஆசிரியர்களின் உதவி வேண்டும்.

தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய அறுகோணம் வரையுங்கள். ஆறு மூலைகளுக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். நைட்ரஜன் எப்போதும் 1-ஆம் மூலையில் நிற்கும். வழங்கும் தொகுதி ஒன்று 4-ஆம் மூலையில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அதன் தனித்த எலக்ட்ரான் இரட்டை வளையத்துக்குள் நுழைந்து 4-ஆம் கார்பனோடு இரட்டைப் பிணைப்பை உண்டாக்குகிறது. ஒரு கார்பனுக்கு நான்கு பிணைப்புகளுக்கு மேல் கூடாது. ஆகவே 4-ஆம் கார்பனுக்கும் 3-ஆம் கார்பனுக்கும் இடையில் இருந்த இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் விலகி 3-ஆம் மூலைக்குப் போகின்றன. அங்கிருந்து இதேபோல் அடுத்த பிணைப்பைத் தள்ளினால் 1-ஆம் மூலைக்குப் போகின்றன. அங்கிருந்து 5-ஆம் மூலைக்கு. பிள்ளைகள் பாண்டி ஆடும்போது ஒரு கட்டத்தை விட்டுத் தாண்டிக் குதிப்பதுபோல, எலக்ட்ரான் அடர்த்தி 3, 1, 5 என்ற மூலைகளில் இறங்குகிறது. எல்லாம் ஒற்றைப்படை.

வழங்குபவர் நிற்பது இரட்டைப்படை மூலை என்றால், எலக்ட்ரான் இறங்குவது ஒற்றைப்படை மூலைகளில். நைட்ரஜன் நிற்பது 1, ஒற்றைப்படை. ஆகவே 2, 4, 6 ஆகிய மூலைகளில் நிற்கும் தொகுதியின் எலக்ட்ரான் நைட்ரஜனுக்குப் போய்ச் சேரும்.

இப்போது அதே தொகுதியை 3-ஆம் மூலைக்கு நகர்த்துங்கள். எலக்ட்ரான் இறங்கும் இடங்கள் 2, 4, 6. நைட்ரஜன் அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை முறை வரைந்தாலும் அம்புக்குறி நைட்ரஜனில் போய் முடியாது. அந்த மாணவி மூன்று முறை வரைந்து கண்டுபிடித்தது இதைத்தான்.

இதற்கு உடனிசைவு விளைவு அல்லது மீசோமெரிக் விளைவு என்று பெயர். அதனோடு வேறொரு விளைவும் எப்போதும் கூடவே இருக்கிறது. மெத்தாக்சியில் உள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான் கவர்தன்மை மிக்கது. அது ஒற்றைப் பிணைப்புகளின் வழியாக எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இது தூண்டல் விளைவு. இதற்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற கணக்குக் கிடையாது, தூரம்தான் கணக்கு. அருகில் இருந்தால் வலுவாக இழுக்கும். தள்ளிப்போகப் போக இழுப்பு குறையும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 4-ஆம் இடத்தில் உடனிசைவு நைட்ரஜனுக்குக் கொடுக்கிறது. தூண்டல் இழுப்பு தூரத்தில் இருந்து மெலிதாகத்தான் வருகிறது. கொடுப்பது வெல்கிறது: 6.6. 3-ஆம் இடத்தில் உடனிசைவு நைட்ரஜனை எட்டவில்லை. இழுப்பு மட்டுமே எட்டுகிறது: 4.9. 2-ஆம் இடத்தில் உடனிசைவும் எட்டுகிறது. ஆனால் ஆக்சிஜன் நைட்ரஜனுக்கு வெகு அருகில் இருப்பதால் இழுப்பு மிக வலுவாகிவிடுகிறது: 3.3. மூன்று எண்களுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. மனப்பாடம் எதுவும் தேவைப்படவில்லை.

அமினோ தொகுதியையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம். 4-ஆம் இடத்தில் 9.1, 2-ஆம் இடத்தில் 6.9, 3-ஆம் இடத்தில் 6.0. 4-ஆம் இடமே இங்கும் முதலில் நிற்கிறது; ஆனால் இங்கே 2-ஆம் இடம் 3-ஆம் இடத்தை முந்திவிடுகிறது. அமினோ வழங்குவதில் மெத்தாக்சியைவிட வல்லது. நைட்ரஜன் ஆக்சிஜன் அளவுக்கு இழுக்காது. அதனால் மூன்று இடங்களிலும் மதிப்பு பிரிடினைவிடக் கூடவே இருக்கிறது. இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தவறும் ஓர் இடம் உண்டு. 4-அமினோ பிரிடினில் இரண்டு நைட்ரஜன்கள் இருக்கின்றன; புரோட்டானை எது வாங்கும்? அமினோ தொகுதியின் நைட்ரஜன் தன் எலக்ட்ரான்களை வளையத்துக்குக் கொடுத்துவிட்டது. அவை வளைய நைட்ரஜனில் போய்க் குவிந்திருக்கின்றன. புரோட்டான் வளைய நைட்ரஜனுக்குத்தான் போகும்.

எலக்ட்ரான் நகரும்போது மூலக்கூறின் வடிவமும் சேர்ந்து மாறுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மோனியாவில் நைட்ரஜன் ஒரு கூம்பின் உச்சியில் இருப்பதுபோல் இருக்கும். 4-அமினோ பிரிடினில் அந்த அமினோ தொகுதி ஏறக்குறைய வளையத்தின் தளத்தோடு படிந்து தட்டையாகிறது. வளையத்துக்கும் அதற்கும் இடையிலான பிணைப்பு சாதாரண ஒற்றைப் பிணைப்பைவிடக் குட்டையாகி, ஓரளவு இரட்டைப் பிணைப்பின் தன்மையைப் பெறுகிறது. அமினோவின் இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதில் இரண்டு மெத்தில் தொகுதிகளை வைத்தால் கிடைப்பது 4-டைமெத்தில் அமினோ பிரிடின். ஆல்கஹால்களை எஸ்டராக்கும் வினைகளில் இது பிரிடினைவிடச் சுமார் 10,000 மடங்கு வேகம் தரும் வினையூக்கி. கரிம வேதியியல் ஆய்வகங்களில் இது இல்லாத அலமாரி அரிது.

இனி ஹைட்ராக்சி தொகுதிக்கு வருவோம். 2-ஆம் இடத்திலோ 4-ஆம் இடத்திலோ ஹைட்ராக்சி தொகுதியை வைத்தால் ஒரு விந்தை நடக்கிறது. ஆக்சிஜனில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் அங்கே தங்காமல் வளைய நைட்ரஜனுக்குப் போய்விடுகிறது. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்து கீட்டோ வடிவம் உண்டாகிறது. இதற்குப் பிரிடோன் என்று பெயர். இயங்கு சமநிலை மாற்றியத்துக்கு இது ஓர் அழகான எடுத்துக்காட்டு. நீரில் ஆயிரம் மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால் ஓரிரண்டுதான் ஹைட்ராக்சி வடிவில் இருக்கும், மற்றவை பிரிடோனாகிவிடும். 3-ஹைட்ராக்சி பிரிடினுக்கு இப்படி மின்சுமை இல்லாத கீட்டோ வடிவத்தை எழுதவே முடியாது. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். 3 ஒற்றைப்படை, நைட்ரஜனும் ஒற்றைப்படை.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். டி.என்.ஏ-வில் உள்ள தைமின் என்ற காரத்தைப் பாருங்கள். அதன் ஆறு உறுப்பு வளையத்தில் 1, 3 ஆகிய இடங்களில் நைட்ரஜன்கள்; 2, 4 ஆகிய இடங்களில் ஆக்சிஜன்கள். நம் கணக்கின்படி ஹைட்ரஜன்கள் நைட்ரஜனில் இருக்க வேண்டும், ஆக்சிஜன்கள் கீட்டோ வடிவில் இருக்க வேண்டும். ஆனால் 1950களின் தொடக்கத்தில் பல பாடநூல்கள் தைமினையும் குவானினையும் ஈனால் வடிவில், அதாவது ஹைட்ராக்சி தொகுதியோடு வரைந்திருந்தன. கேம்பிரிட்ஜில் டி.என்.ஏ-வின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்சன் அந்தப் படங்களை நம்பி மாதிரிகளை அடுக்கிப் பார்த்தார். பொருந்தவில்லை. அதே அலுவலக அறையில் இருந்த ஜெரி டோனஹ்யூ என்ற அமெரிக்க வேதியியலர், "பாடநூலில் இருப்பது தவறு, கீட்டோ வடிவத்தைப் பயன்படுத்துங்கள்" என்ற கருத்தைச் சொன்னார். ஹைட்ரஜன் இருக்கும் இடம் மாறியதும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சரியாக அமைந்தன. அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணைசேர்ந்தன. 1953 ஏப்ரல் 25 அன்று அந்த ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஒரு ஹைட்ரஜனை எங்கே வைப்பது என்ற கேள்வி, மரபுப்பண்பு எப்படிக் கடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு வழி திறந்தது. அச்சில் வந்துவிட்டதே என்று ஒருவர் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த மாணவியின் விடைத்தாளும் உடனே நினைவுக்கு வரும்.

கடைசியாக, நம் ஊரோடு தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டு.

பிரிடினின் 3-ஆம் இடத்தில் ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியை வைத்தால் நிகோடினிக் அமிலம். இதுதான் நியாசின் என்ற வைட்டமின். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம் 1937-இல், நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயைக் குணப்படுத்தும் பொருள் இதுவே என்று காட்டினார். மனிதர்களுக்கு வரும் பெல்லக்ரா நோயும் இதன் குறைபாட்டால் வருவதே. உடலில் இது அமைடு வடிவில் என்.ஏ.டி. என்ற துணைநொதியின் பகுதியாகிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும்போது ஹைட்ரஜனை எலக்ட்ரான்களோடு வாங்கிக்கொள்வது இந்த வளையம்தான். எந்த மூலையில் வாங்குகிறது? 4-ஆம் மூலையில். ஏன் அங்கே? துணைநொதியில் 1-ஆம் இடத்து நைட்ரஜன் நேர்மின்சுமையோடு இருக்கிறது; 3-ஆம் இடத்தில் எலக்ட்ரானை இழுக்கும் அமைடு தொகுதி இருக்கிறது. இழுப்பவர் இருவரும் ஒற்றைப்படை மூலைகளில் நிற்பதால், எலக்ட்ரான் குறைவது 2, 4, 6 என்ற இரட்டைப்படை மூலைகளில். எலக்ட்ரானைத் தேடி நிற்கும் அந்த மூலைகளுள் ஒன்றில்தான் ஹைட்ரைடு வந்து இறங்குகிறது. குறிப்பாக 4-ஆம் மூலையைத் தேர்ந்தெடுப்பதில் நொதிக்கும் பங்கு உண்டு.

இதே அமிலத் தொகுதியை 3-ஆம் இடத்திலிருந்து 4-ஆம் இடத்துக்கு நகர்த்தினால் ஐசோநிகோடினிக் அமிலம். இது வைட்டமின் அல்ல. இதன் ஹைட்ரசைடுதான் ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்து. ஹான்ஸ் மேயர், யோசெஃப் மாலி என்ற இருவர் 1912-இல் பிராக் நகரில் இதைத் தயாரித்தார்கள். அது என்னவென்று தெரியாமல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிடந்தது. 1945-இல் பிரான்சில், நிகோடினமைடுக்குக் காசநோய்க் கிருமியின் மீது ஓரளவு விளைவு உண்டு என்று கண்டார்கள். அதைப் பின்பற்றிப் பிரிடின் வழிப்பொருள்களைச் சோதித்தவர்களுக்கு, 1951, 1952 ஆண்டுகளில் ஐசோநியாசிட்டின் ஆற்றல் தெரியவந்தது. ஒரே காலத்தில் மூன்று மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாக இதைக் கண்டன. 3-ஆம் இடத்தில் ஹைட்ரசைடு உள்ள மாற்றியத்தின் ஆற்றலோ மிகக் குறைவு.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது 1990களில்தான் தெளிவானது. காசநோய்க் கிருமியின் ஒரு நொதியே ஐசோநியாசிட்டைத் தூண்டி வினைத்திறன் மிக்க துண்டாக மாற்றுகிறது. அந்தத் துண்டு கிருமியின் என்.ஏ.டி. மூலக்கூறில் போய் ஒட்டிக்கொள்கிறது. எங்கே ஒட்டுகிறது தெரியுமா? நிகோடினமைடு வளையத்தின் அதே 4-ஆம் மூலையில். அப்படி உருவான சேர்க்கை, கிருமி தன் செல்சுவருக்குத் தேவையான மைக்காலிக் அமிலத்தைத் தயாரிக்கும் நொதி ஒன்றை முடக்கிவிடுகிறது. 3-ஆம் இடத்துப் பதிலி உள்ள வைட்டமினும், 4-ஆம் இடத்துப் பதிலி உள்ள மருந்தும் கிருமிக்குள் சந்தித்துக்கொள்கின்றன.

நம் ஊர் எங்கே வருகிறது? காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. அத்தனை படுக்கைகள் நம் நாட்டில் இல்லை. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. ஐசோநியாசிட்டையும் பாஸ் என்ற மற்றொரு மருந்தையும் ஓராண்டு கொடுத்து, ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மற்றப் பகுதியினரைச் சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் அவர்கள் வீட்டிலேயும் வைத்துச் சிகிச்சை அளித்து ஒப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு வந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு முக்கியக் காரணம். சேத்துப்பட்டில் அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. அடுத்த முறை அந்த வழியே போகும் ஆசிரியர்கள், ஒரு பதிலித் தொகுதி நிற்கும் இடத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சொல் சொல்லலாம்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை நான்கு.

முதலாவது, "வழங்கும் தொகுதிகள், இழுக்கும் தொகுதிகள்" என்ற அட்டவணையை நான் இப்போது முதல் வகுப்பில் கொடுப்பதில்லை. முதலில் அறுகோணத்தை வரையச் சொல்கிறேன்; எண் போடச் சொல்கிறேன்; அம்புக்குறிகளை அவர்களே நகர்த்திப் பார்க்கிறார்கள். இரண்டாம் பாடவேளையில் அவர்களே அட்டவணையைத் தயாரிக்கிறார்கள். அதில் "எந்த இடத்தில்" என்று ஒரு கூடுதல் பத்தி தானாக வந்துவிடுகிறது.

இரண்டாவது, உடனிசைவு, தூண்டல் ஆகிய இரண்டையும் தனித்தனியே கேட்கிறேன். உடனிசைவு எட்டுகிறதா? ஆம் அல்லது இல்லை. தூண்டல் எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருந்து? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே இறுதி விடை. இரண்டும் எதிர்த்திசையில் இருந்தால் எது வெல்லும் என்பதைக் காகிதத்தில் முடிவுசெய்ய முடியாமல் போகலாம். அப்போது அளந்து பெற்ற மதிப்பைத்தான் கேட்க வேண்டும். அதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, பாண்டி ஆட்டம் ஓர் உவமைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான் உண்மையில் குதித்துக் குதித்துப் போவதில்லை. நாம் வரையும் உடனிசைவு அமைப்புகள் எதுவும் தனியே இருப்பவை அல்ல. மூலக்கூறு அவை எல்லாம் கலந்த ஒரே நிலையில் இருக்கிறது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்பது அந்த நிலையில் எங்கே அடர்த்தி கூடும் என்பதை எண்ணிப் பார்க்க ஒரு வழி. உவமையை உண்மை என்று விட்டுவிட்டால், மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை அங்கே திரும்ப அழித்துவிட்டு எழுத வேண்டிவரும்.

நான்காவது, காரணம் கேட்கும் கேள்விக்குக் காரணத்தைப் படித்துத்தான் மதிப்பெண் போடுகிறேன். என் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத விடை வந்தால், பெருக்கல் குறி போடுவதற்கு முன் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கிறேன். வீட்டுக்குப் போய்த் தேடுகிறேன். பெரும்பாலும் மாணவர் எழுதியது தவறாகத்தான் இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை என் குறிப்பு தவறாக இருக்கிறது. அந்த ஒருமுறைக்காகத்தான் அந்தப் பென்சில்.

ஆய்வகத்தில் பிரிடினை எடுத்துக் காட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அதன் நாற்றமும் நச்சுத்தன்மையும் பள்ளி ஆய்வகத்துக்கு ஏற்றவை அல்ல. சாக்பீஸும் தரையும் போதும். ஆறு பிள்ளைகள் நின்றால் ஒரு வளையம் ஆகிவிடும்.

அந்த மாணவியின் விடைத்தாளை மறுநாள் வகுப்பில் வாங்கி, நான் போட்ட பெருக்கல் குறியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். 4.9, 5.2 ஆகிய இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, நான் செய்த தவற்றையும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு மாணவன் எழுந்து, "அப்ப எங்க மார்க்கைக் குறைச்சிடுவீங்களா சார்?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. குறைக்கவில்லை, அது நான் கற்றுக்கொடுத்த தவறு என்றேன்.

அந்தப் பெண் விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நன்றியெல்லாம் சொல்லவில்லை. "அப்ப அஞ்சாவது இடத்துல வெச்சாலும் இதே மதிப்புதானே சார் வரும்? வளையத்தைத் திருப்பிப் போட்டா அது மூணுதானே?" என்று கேட்டாள். ஆமாம், 5-ஆம் இடமும் 3-ஆம் இடமும் பிரிடினில் ஒன்றுதான். அதை நான் பாடமாக எடுத்திருக்கவில்லை.